தனிநபர் சட்டமுன்வடிவும் நாடாளுமன்ற விவாதமும்: திருநர் உரிமைகள் குறித்துத் திருச்சி சிவாவின் பங்களிப்பு (2014–2019)

ஆய்வுச் சுருக்கம்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பணி, அவர் கேட்ட வினாக்களின் எண்ணிக்கையாலும் பேசிய நேரத்தாலும் அளவிடப்படுவது வழக்கம். நிறைவேறாமற்போன ஒரு முயற்சி அவ்வளவுகோலில் இடம்பெறுவதில்லை. மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா 2014ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய திருநர் உரிமைகள் சட்டமுன்வடிவு 2015இல் அவ்வவையில் நிறைவேறியது, ஆயினும் சட்டமாகவில்லை. அச்சட்டமுன்வடிவு தோன்றிய சூழலையும், அதன் உள்ளடக்கத்தையும், பின்வந்த அரசுச் சட்டமுன்வடிவுகளோடு அதற்குள்ள உறவையும் இக்கட்டுரை விளக்குகிறது. சட்டமாகாத ஒரு வரைவு, சட்டமாகிய மற்றொரு வரைவை மதிப்பிடும் அளவுகோலாக எவ்வாறு செயற்பட்டது என்பதே இதன் மையப்பொருள்.

திறவுச்சொற்கள்: தனிநபர் சட்டமுன்வடிவு, மாநிலங்களவை, திருநர், பாலின அடையாளம், தன்னறிவிப்பு, சட்ட வரையறை.

முன்னுரை

மக்களாட்சியில் சட்டமியற்றுதல் நாடாளுமன்றத்தின் முதற்கடமை. எனினும் நடைமுறையில் சட்டமுன்வடிவுகளை ஆக்குவது அமைச்சகங்களே. உறுப்பினர்கள் அவற்றை விவாதிக்கின்றனர், திருத்தங்கள் முன்மொழிகின்றனர், வாக்களிக்கின்றனர். உறுப்பினர் ஒருவர் தாமே சட்டம் ஒன்றை வரைந்து அவையின் முன் வைப்பதற்கு எஞ்சியிருக்கும் வழி தனிநபர் சட்டமுன்வடிவு மட்டுமே. அவ்வழியும் பெரும்பாலும் ஓர் அடையாளச் செயலாகவே முடிந்துவிடுகிறது.

இந்தப் பொதுநிலையிலிருந்து விலகி நிற்கும் நிகழ்வுகளுள் ஒன்று திருச்சி சிவாவின் சட்டமுன்வடிவு. திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்த இவர் 1996இல் புதுக்கோட்டைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பின்னர் மாநிலங்களவை உறுப்பினராகத் தொடர்ந்தவர். 2014 முதல் 2019 வரை திருநர் உரிமைகள் குறித்து நாடாளுமன்றத்தில் நிகழ்ந்த விவாதத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் இவரது தலையீடு உள்ளது. ஒருவரின் பாலினத்தை அறுதியிட்டுக் கூறும் அதிகாரம் யாரிடம் இருக்கவேண்டும், அவரிடமா அரசு அலுவலரிடமா என்னும் வினாவே அவ்விவாதம் முழுவதிலும் அடிநாதமாக ஒலிக்கிறது.

தனிநபர் சட்டமுன்வடிவின் இயல்பும் எல்லையும்

அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும், அவர் ஆளுங்கட்சியினராயினும் எதிர்க்கட்சியினராயினும், நாடாளுமன்ற வழக்கில் தனிநபர் உறுப்பினரே. அவர் கொண்டுவரும் சட்டமுன்வடிவுகளுக்கும் தீர்மானங்களுக்கும் கூட்டத்தொடரின் வெள்ளிக்கிழமைகளில் இரண்டரை மணிநேரம் ஒதுக்கப்படுகிறது. ஒரு வாரம் சட்டமுன்வடிவுகளுக்கு என்றால் மறுவாரம் தீர்மானங்களுக்கு. அறிமுகப்படுத்தப்படும் நூற்றுக்கணக்கான சட்டமுன்வடிவுகளுள் விவாதத்திற்கு வருபவை மிகச் சிலவே. உறுப்பினர்கள் தம் தொகுதிக்கும் மாநிலத்திற்கும் புறப்படும் வார இறுதி நேரம் என்பதால் அவையில் வருகையும் குறைந்திருக்கும்.

நிதி தொடர்பான தடையும் உண்டு. இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து செலவினத்தை உண்டாக்கும் எந்தச் சட்டமுன்வடிவும் குடியரசுத் தலைவரின் பரிந்துரை இன்றி நிறைவேற்றப்படலாகாது என்பது அரசமைப்பின் 117(3)ஆம் உறுப்பு. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி செயற்படுபவராதலால், ஆணையமோ நலத்திட்டமோ அமைக்க விழையும் தனிநபர் சட்டமுன்வடிவு ஒருவகையில் அரசின் இசைவை எதிர்நோக்கியே நிற்கிறது.

இத்தடைகளைக் கடந்து சட்டமானவை விடுதலைக்குப் பின் 14 மட்டுமே. அவற்றுள் ஐந்து மாநிலங்களவையில் தோன்றியவை. நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் செய்தித்தாள்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தைப் பெரோஸ் காந்தி 1956இல் இவ்வாறே நிறைவேறச் செய்தார். இறுதியாக 1970இல், உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகார வரம்பை விரிவாக்கும் சட்டம், மக்களவை உறுப்பினர் ஆனந்த் நாராயண் முல்லாவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தனிநபர் சட்டமுன்வடிவு எதுவும் ஈரவைகளிலும் நிறைவேறிச் சட்டமாகவில்லை.

இதன் விளைவாக ஒரு மரபு வேரூன்றியது. உறுப்பினர் தம் சட்டமுன்வடிவை விளக்கிப் பேசுவார், பிறர் கருத்துரைப்பர், துறை அமைச்சர் அதன் நோக்கத்தைப் பாராட்டி, அரசு இதனைக் கவனத்திற்கொள்ளும் என உறுதிகூறித் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்வார், உறுப்பினரும் அவையின் இசைவோடு திரும்பப் பெறுவார். விவாதம் பதிவேட்டில் இடம்பெறும். வரைவு அத்துடன் முடிவுறும்.

சட்டமுன்வடிவின் பின்புலம்

இச்சட்டமுன்வடிவுக்கு இரு பின்புலங்கள் உள்ளன. ஒன்று நீதிமன்றம் சார்ந்தது. மற்றொன்று தமிழகம் சார்ந்தது.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோர் தீர்ப்பளித்தனர். ஆண், பெண், மூன்றாம் பாலினம் எனத் தம் பாலின அடையாளத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமை திருநர்களுக்கு உண்டு என்றும், அதற்கு அறுவைச் சிகிச்சையை முன்நிபந்தனையாக வலியுறுத்துவது சட்டத்திற்குப் புறம்பானது என்றும் தீர்ப்பு உரைத்தது. சமுதாய, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பினராக அவர்களைக் கருதிக் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இட ஒதுக்கீடு வழங்குமாறு ஒன்றிய, மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. உரிமையை நீதிமன்றம் அறிவித்துவிட்டது. அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் அப்போது இல்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிறர் என்னும் பிரிவில் 4,87,803 பேர் பதிவாகியிருந்தனர். தம்மை வெளிப்படுத்திக்கொள்ள இயலாதோர் பலர் இருக்கும் சமூகத்தில் இவ்வெண் முழுமையானதாக இருக்க வாய்ப்பில்லை. இருப்பினும் ஏறத்தாழ ஐந்து லட்சம் குடிமக்களின் இருப்பை அரசின் ஆவணமே ஏற்றுக்கொண்டது என்பது கருதத்தக்கது.

தமிழகத்தில் 2008 ஏப்ரலில் தொடங்கப்பட்ட நலவாரியம், அரசு என்னும் அமைப்பு இச்சமூகத்தை நேரடியாக எதிர்கொண்டதற்குச் சான்றாகும். தொடக்கத்தில் அதன் பெயர் அரவாணிகள் நலவாரியம். கூவாகம் கூத்தாண்டவர் விழாவோடும் அரவான் கதையோடும் தொடர்புடைய 'அரவாணி' என்னும் சொல் படிப்படியாக விலக, 'திருநங்கை' என்னும் சொல் அரசு வழக்கிலும் பொதுவழக்கிலும் நிலைபெற்றது. அதன்வழி 'திருநம்பி', 'திருநர்' ஆகிய சொற்களும் பரவின. இழிவழக்குகளை நீக்கி மதிப்புச் சொல்லை நிலைநாட்டிய பட்டறிவு உடைய ஒரு மாநிலத்திலிருந்து இச்சட்டமுன்வடிவு எழுந்தது தற்செயலானதன்று எனலாம்.

சட்டமுன்வடிவின் உள்ளடக்கம்

2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமையன்று மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட இச்சட்டமுன்வடிவு 10 இயல்களும் 58 கூறுகளும் கொண்டது. கல்வி, வேலைவாய்ப்பு, சமூகப் பாதுகாப்பு, உடல்நலம், மறுவாழ்வு எனத் தனித்தனி இயல்களில் உரிமைகளும் அரசின் கடமைகளும் வகுக்கப்பட்டிருந்தன. இவற்றுள் நான்கு கூறுகள் முதன்மையானவை.

முதலாவது, வரையறை. பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம் பாலினம் பொருந்தாத எவரும் திருநர் என அது வரையறுத்தது. அறுவைச் சிகிச்சையோ இயக்குநீர் மருத்துவமோ மேற்கொண்டிருப்பினும் இல்லாவிடினும் திருநங்கையரும் திருநம்பியரும் இதில் அடங்குவர் என்று வெளிப்படையாகக் கூறியது. கின்னர், ஹிஜ்ரா, அரவாணி, ஜோக்தா முதலிய பண்பாட்டு அடையாளங்களையும் பெயர் சுட்டிச் சேர்த்தது. ஆண், பெண், திருநர் என்பவற்றுள் எதனையும் தேர்ந்துகொள்ளும் உரிமை உரியவருக்கே தரப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம் இவ்வாறு சட்டமொழியாக மாற்றப்பட்டது.

இரண்டாவது, இட ஒதுக்கீடு. அரசுக் கல்வி நிறுவனங்களிலும் அரசுப் பணிகளிலும் 2 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படவேண்டும் என்றது. பின்தங்கிய வகுப்பினருக்கான ஒதுக்கீட்டுக்குள் சேர்ப்பதைத் தீர்ப்பு முன்மொழிந்திருக்க, சட்டமுன்வடிவு தனி ஒதுக்கீட்டை முன்வைத்தமை நுட்பமான வேறுபாடாகும். ஏற்கெனவே பட்டியல் சாதியிலோ பழங்குடியிலோ பிறந்த திருநர் ஒருவர், பின்தங்கிய வகுப்பினர் என வகைப்படுத்தப்பட்டால் தம் முந்தைய உரிமையை இழக்க நேருமோ என்னும் சிக்கல் தனி ஒதுக்கீட்டில் எழுவதில்லை.

மூன்றாவது, நிறுவன அமைப்பு. திருநருக்கான தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் அமைக்கப்படவேண்டும் என்றது. நான்காவது, நீதி பெறும் வழி. திருநர் உரிமைகளுக்கான சிறப்பு நீதிமன்றங்களை அது முன்மொழிந்தது. உரிமையைச் சொல்வதோடு நில்லாமல், அது மீறப்படும்போது செல்லவேண்டிய இடத்தையும் காட்டியது இவ்வரைவின் தனித்தன்மை.

2015 ஏப்ரல் 24: திரும்பப் பெறாமை

தீர்ப்பு வெளிவந்து ஓராண்டும் சில நாட்களும் கடந்த நிலையில், 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமையன்று சட்டமுன்வடிவு முடிவுக்கு வந்தது. சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட், அரசே இது குறித்து நடவடிக்கை எடுக்கும் எனக் கூறி, மரபுப்படி திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். திருச்சி சிவா இணங்கவில்லை, வாக்கெடுப்பை வலியுறுத்தினார். முடிவில் குரல் வாக்கெடுப்பில் அவை சட்டமுன்வடிவை ஒருமனதாக நிறைவேற்றியது.

இந்நிகழ்வில் கவனிக்கவேண்டியது வெற்றியைவிடத் திரும்பப் பெறாமை என்னும் செயலே. திரும்பப் பெற்றிருந்தால் எஞ்சியிருக்கக்கூடியவை ஓர் உரையும் ஓர் உறுதிமொழியும். நிறைவேற்றப்பட்டமையால் அது ஓர் உறுப்பினரின் கருத்து என்னும் நிலையிலிருந்து உயர்ந்து, நாடாளுமன்றத்தின் ஓர் அவையின் முடிவாயிற்று. இனி அரசு கொண்டுவரும் எந்த வரைவும், மாநிலங்களவை ஏற்கெனவே ஒப்பிய வரைவுக்குக் குறைந்ததா கூடியதா என்று கேட்கப்படும் நிலை உருவாயிற்று.

2016இல் பிஜு ஜனதா தளத்தைச் சேர்ந்த பைஜயந்த் பாண்டா மக்களவையில் இச்சட்டமுன்வடிவை எடுத்துச் சென்றார். மாநிலத்தாலும் கட்சியாலும் வேறுபட்ட இருவர் ஒரே வரைவை ஈரவைகளிலும் ஏந்திச் சென்றமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் மக்களவையில் அது நிறைவேறவில்லை.

அரசின் சட்டமுன்வடிவுகளும் வரையறையின் மாற்றமும்

2016 ஆகஸ்டு 2 அன்று அரசு தன் சட்டமுன்வடிவை மக்களவையில் அறிமுகப்படுத்தியது. அதன் வரையறை, திருநரை முழுமையாகப் பெண்ணும் அல்லாத, முழுமையாக ஆணும் அல்லாத ஒருவராக விளக்கியது. முன்னைய வரைவு பாலின உணர்வை அடிப்படையாகக் கொள்ள, இவ்வரைவு உடலமைப்பை நோக்கித் திரும்பியது. இருப்பதைக் கூறாமல் இல்லாததைக் கொண்டு ஒருவரை விளக்கும் எதிர்மறை வரையறை அது. மேலும், மருத்துவ அலுவலரும் உளவியலாளரும் உள்ளிட்ட மாவட்டத் தேர்வாய்வுக் குழுவின் பரிந்துரையின் பேரிலேயே அடையாளச் சான்றிதழ் வழங்கப்படும் என்றது. இட ஒதுக்கீடும் சிறப்பு நீதிமன்றங்களும் அதில் இடம்பெறவில்லை.

இச்சட்டமுன்வடிவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு 2017 ஜூலையில் அளித்த அறிக்கையில் வரையறையைக் குறைகூறியது. இட ஒதுக்கீடு இல்லாமையையும் சுட்டியது. 2018 டிசம்பர் 17 அன்று 27 திருத்தங்களுடன் மக்களவை இதனை நிறைவேற்றியது. வரையறை திருத்தப்பட்டது, தேர்வாய்வுக் குழு நீடித்தது. மாநிலங்களவையில் நிறைவேறுமுன் 2019இல் மக்களவை கலைக்கப்பட்டமையால், அரசமைப்பின் 107(5)ஆம் உறுப்பின்படி அது காலாவதியாயிற்று.

2019 ஜூலை 19 அன்று அறிமுகப்படுத்தப்பட்ட புதிய வரைவில் தேர்வாய்வுக் குழுவும், இரத்தலைக் குற்றமாக்கக்கூடிய கூறும் நீக்கப்பட்டன. திருநர் சமூகத்தினரின் தொடர்ந்த எதிர்ப்பு இம்மாற்றங்களுக்கு முதன்மைக் காரணம். வரையறை, பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்தோடு பொருந்தாமை என்னும் அடிப்படைக்குத் திரும்பியது. அறுவைச் சிகிச்சை மேற்கொண்டிருப்பினும் இல்லாவிடினும் என்னும் விளக்கமும் இடம்பெற்றது. 2015இல் மாநிலங்களவை ஏற்ற வரையறையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. தமிழில் வழக்கொழிந்துவரும் 'அரவாணி' என்னும் சொல் ஒன்றியச் சட்டத்தின் வரையறையில் நிலைபெற்றதும் இவ்வழியேதான்.

மீண்டும் மாநிலங்களவை

வரையறை திரும்பிவந்தது, அதிகாரம் திரும்பிவரவில்லை. புதிய வரைவின் 4ஆம் பிரிவு தாமே உணரும் பாலின அடையாளத்திற்கான உரிமையை ஏற்கிறது. 5, 6ஆம் பிரிவுகள் அவ்வடையாளத்திற்கு மாவட்ட நிருவாகத்துறை நடுவராகச் செயற்படும் மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கோருகின்றன. 7ஆம் பிரிவோ, ஆண் அல்லது பெண் என மாற்றிப் பதிவுசெய்வதற்கு அறுவைச் சிகிச்சை மேற்கொண்டமைக்கான மருத்துவச் சான்றை வேண்டுகிறது. ஒரு பிரிவு தந்ததை அடுத்த பிரிவுகள் நிபந்தனைக்கு உட்படுத்துகின்றன. ஆணையத்தின் இடத்தில் தேசிய மன்றம் அமைந்தது. திருநருக்கு எதிரான வன்கொடுமைகளுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. பெண்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குரிய தண்டனையோடு ஒப்பிட இது மிகக் குறைவு.

2019 ஆகஸ்டு 5 அன்று மக்களவை இதனை நிறைவேற்றிய பின், நவம்பரில் மாநிலங்களவையின் முன் வந்தது. தெரிவுக்குழுவின் ஆய்வுக்கு இதனை அனுப்பவேண்டும் எனத் திருச்சி சிவா தீர்மானம் முன்மொழிந்தார். அத்தீர்மானம் தோற்றது. நவம்பர் 26 அன்று சட்டமுன்வடிவு நிறைவேறி, டிசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. நாலரை ஆண்டுகளுக்கு முன் ஒருமனதாகத் தன்னறிவிப்பு உரிமையை ஏற்ற அதே அவை, சான்றிதழ் முறையைக் கொண்ட வரைவை இப்போது ஏற்றது.

மதிப்பீடு

தனிநபர் சட்டமுன்வடிவு குறையற்றதன்று. ஒருவர் தம் பெயரையும் பாலினத்தையும் பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு, குடும்ப அட்டை முதலியவற்றில் எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதற்கான விரிவான நிருவாக வழிமுறையை அது வகுக்கவில்லை. உரிமையை அறிவித்து வழிமுறையை வெற்றிடமாக விட்டால், அவ்வெற்றிடத்தை நிருவாகம் தன் இயல்புக்கேற்பவே நிரப்பும். பின்வந்த வரைவுகளில் குழுவும் சான்றிதழும் நுழைந்த இடம் அதுவே. அலுவலக மேசையின் முன் நிற்கும் ஒருவருக்கு வரையறைப் பிரிவைவிட விண்ணப்பப் படிவமே சட்டமாகத் தோன்றும்.

அதுபோன்றே, 2019இல் நிகழ்ந்த மாற்றங்கள் அனைத்தையும் ஒரு சட்டமுன்வடிவின் விளைவாகக் காண்பதும் பொருந்தாது. தீர்ப்பு, நிலைக்குழு அறிக்கை, திருநர் சமூகத்தினரின் போராட்டம் ஆகியவை இணைந்தே வரைவை மாற்றின. எனினும், இவர்கள் அனைவருக்கும் ஒப்பிட்டுக் காட்டத்தக்க ஒரு முழுவடிவச் சட்ட வரைவு ஏற்கெனவே கையில் இருந்தது. அரசின் வரைவு குறையுடையது என்று சொல்வதற்கும், குறையற்றது எவ்வாறு இருக்கும் என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதைச் செய்ய உரைகள் போதா. கூறுகளாகவும் பிரிவுகளாகவும் எழுதப்பட்ட வரைவு வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

தனிநபர் சட்டமுன்வடிவின் பயனைச் சட்டமாதல் என்னும் ஒற்றை அளவுகோலால் மதிப்பிடுவது நிறைவுடையதாகாது. அவையின் ஏற்பைப் பெற்ற வரைவு, பின்வரும் அரசு வரைவுகளுக்கு உரைகல்லாகிறது.

திரும்பப் பெறும் மரபுக்கு இணங்காமை திருச்சி சிவாவின் முதன்மைப் பங்களிப்பாகும். அச்செயலே உரையை அவையின் முடிவாக மாற்றியது.

சட்ட வரையறையில் கிடைத்த வெற்றி, வழிமுறைப் பிரிவுகளில் இழக்கப்படக்கூடும் என்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுகிறது. ஆகவே நாடாளுமன்ற விவாதங்களை ஆராய்வோர் கொள்கை முழக்கங்களோடு நில்லாமல், யார் விண்ணப்பிப்பது, யார் சான்றளிப்பது, மறுக்கப்பட்டால் எங்குச் செல்வது என்னும் பிரிவுகளையும் நுணுகிக் காணவேண்டும்.

தமிழக உறுப்பினர்களின் நாடாளுமன்றப் பணி பற்றிய ஆய்வுகள் பெரிதும் மொழி, மாநிலத் தன்னாட்சி ஆகியவற்றைச் சார்ந்தே அமைந்துள்ளன. அவர்கள் முன்வைத்த தனிநபர் சட்டமுன்வடிவுகளைத் தொகுத்து, அவை பிற்காலச் சட்டங்களில் விட்டுச்சென்ற தடங்களை ஆராய்தல் இத்துறையில் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.